ஜன்னல் பக்கத்து நாற்காலி

அந்த வருஷம் எங்கள் தெருவில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் தாடி வளர்த்தார்கள். ஆசைப்பட்டு வளர்த்தவன் ஒருவனும் இல்லை. மளிகைக்கடைக்காரருக்குக் கன்னத்தில் அரிப்பாம், கத்தி படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எந்த டாக்டர் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். வாத்தியாருக்கு ரிட்டயர் ஆகிவிட்டதாம், இனிமேல் யாருக்காக மழிக்க வேண்டும் என்று ஒரு தத்துவம். சைக்கிள் கடைக்காரன் மட்டும்தான் மனசில் இருப்பதைச் சொன்னான். "பயமா இருக்குண்ணே. எனக்கு ரெண்டு பொண்ணு" என்றான். மற்றவர்களுக்கு அவன் எவ்வளவோ தேவலை.

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? நானும்தான் வளர்த்தேன். தையல் வேலை கழுத்தை நெரிக்கிறது, நேரமே இல்லை என்றேன். சலூன் என் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. தெருவைத் தாண்டினால் பதினைந்து அடி. அதற்கு எனக்கு நேரம் இல்லையாம்!

விஷயம் இதுதான். ஒன்பது வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு பெரியமாஸ்டர் திரும்பி வந்திருந்தார்.

சலூனில் இரண்டு நாற்காலிகள். ஜன்னல் பக்கத்து நாற்காலி பெரியமாஸ்டருடையது, உள்பக்கத்து நாற்காலி அவர் தம்பி சின்னமாஸ்டருடையது. தெரு அவர்களை அப்படித்தான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை நான் கோர்ட்டில்தான் முதல் தடவையாகக் கேட்டேன். பெரியமாஸ்டருக்குக் கல்யாணம் காட்சி எதுவும் நடக்கவில்லை. தம்பிக்குத்தான் செய்து வைத்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு; இரண்டு அறை, ஒரு சமையலறை, துண்டு காயப் போட ஒரு முற்றம்.

பெரியமாஸ்டரிடம் ஒரு பழக்கம் உண்டு. கன்னம் இரண்டையும் மழித்து முடித்துவிட்டு, கழுத்துக்கு வரும்போது கத்தியை எடுக்க மாட்டார். இடது உள்ளங்கையைக் கழுத்தின்மேல் சும்மா வைப்பார். வைத்துக்கொண்டு மழையைப் பற்றிக் கேட்பார், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார். கை வைத்த இடம் அடங்கின பிறகுதான் கத்தி வரும். ஒரு தடவை ஏன் மாஸ்டர் இப்படி என்று கேட்டேன்.

"பயந்தா தோல் புள்ளி புள்ளியா எழும்பிடும் டெய்லரே. முடி குத்திட்டு நிக்கும். அதுமேல கத்தி போனா வெட்டத்தான் செய்யும். எவ்வளவு பெரிய தொழில்காரனா இருந்தாலும் சரி. அதான் தொட்டுப் பாத்துக்கறேன்."

"எனக்கு என்ன பயம் உங்ககிட்ட?"

"உங்களுக்கு இல்ல. உங்க கழுத்துக்கு இருக்கும். அதுக்கு வேற புத்தி."

அப்போது சிரித்தேன்.

அதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மரக்கடைக்காரர் என்று ஒருவர், பணமும் கோபமும் சரிக்குச் சமமாக உள்ளவர், சின்னமாஸ்டரிடம் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். காதுக்குக் கீழே லேசாகக் கத்தி பட்டுவிட்டது. கடுகளவு ரத்தம். படிகாரத்தைத் தேய்த்தால் போயே போய்விடும். அந்த மனுஷன் எழுந்து சின்னமாஸ்டரைப் பளார் என்று அறைந்தார். மறுபடியும் கையை ஓங்கினார். பெரியமாஸ்டர் அப்போது சுவரில் தொங்கும் தோல்பட்டையில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கத்தி இடது கைக்குப் போனது. வலது கையால் மரக்கடைக்காரரின் மார்பில் ஒரு தள்ளு தள்ளினார். தரையில் சோப்புத் தண்ணீர். ஆள் வழுக்கி, கை கழுவும் தொட்டியின் விளிம்பில் பின்மண்டை அடிபட்டு விழுந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

இதை நான் என் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்த ஜன்னல் வழியாக முழுசாகப் பார்த்தேன். அதனால்தான் என்னைச் சாட்சிக்கு இழுத்தார்கள். கோர்ட் வாசலிலேயே, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும், கதை அளக்கக் கூடாது" என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். அரசாங்க வக்கீல் கேட்டார்: "சம்பவத்தின்போது கூண்டில் நிற்கும் எதிரியின் கையில் கத்தி இருந்ததா, இல்லையா?"

"இருந்தது" என்றேன்.

"போதும், இறங்கலாம்" என்றார்.

எந்தக் கையில் என்று அவர் கேட்கவில்லை. எந்தக் கையால் தள்ளினார் என்றும் கேட்கவில்லை. பெரியமாஸ்டர் பக்கத்து வக்கீல் ஏதோ காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் இருந்தது, தொண்டையில் குரலும் இருந்தது. இறங்கி வந்துவிட்டேன். தீர்ப்பில் அந்தக் கத்தி நாலு இடத்தில் வந்தது என்று பிற்பாடு சொன்னார்கள்.

அதோடு விட்டதா? மண்டையில் அடிபட்டுச் செத்தவரை, ஆறு மாதத்துக்குள் தெரு கழுத்தறுத்துக் கொன்றுவிட்டது. என் கடையில் பட்டன் கட்டக் காத்திருந்தவர்களே என்னிடம் வந்து, "சரக்குனு ஒரே இழுப்பாமே" என்றார்கள். நான் பெடலை மிதித்துக்கொண்டிருந்தேன். சத்தத்தில் காது கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியமாஸ்டர் திரும்பி வந்த மறுநாள் காலையில் சின்னமாஸ்டர் அவரை என் கடைக்குத்தான் முதலில் கூட்டிவந்தார். முகமெல்லாம் பல்லாக இருந்தது சின்னமாஸ்டருக்கு. மழைக்காலம் தொடங்க இன்னும் சில நாள் இருந்தது. புழுக்கத்தில் எனக்கு முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"டெய்லர் அண்ணே, அண்ணனுக்கு ரெண்டு சட்டை. நல்லா எடுப்பா தைங்க. கடையில நிக்கும்போது போட்டுக்கறது."

பெரியமாஸ்டர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. தம்பி உள்ளே வந்து துணி பார்க்க ஆரம்பித்தும் அவர் நகரவில்லை. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உள்ள வாங்க மாஸ்டர்" என்றேன்.

சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைத்தார்.

தோள் அளந்தேன், மார்பு அளந்தேன். ஆள் பாதியாகி இருந்தார். கழுத்துக்கு டேப்பைச் சுற்றும்போது அது நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துச் சுற்றினேன், மறுபடியும் விழுந்தது.

"மெதுவா எடுங்க டெய்லரே. எனக்கு ஒரு அவசரமும் இல்ல" என்று சொல்லி, வசதியாக மோவாயைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். டேப்புக்குள் இரண்டு விரல் விட்டு அளந்தேன். பதினாலரை. என் பழைய நோட்டில் பதினாறு என்று இருந்தது. அவர் கழுத்து என் விரலடியில் தூங்குகிற குழந்தையின் கழுத்து போல் இருந்தது.

"பாக்கெட் ஒண்ணா ரெண்டா?"

"பாக்கெட்டா? வேண்டாம். எதுக்கு? வச்சா வெளிய எடுத்து எடுத்துக் காட்டணும்."

சின்னமாஸ்டர் துணியைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே. இங்க யாரும் காட்டச் சொல்ல மாட்டாங்கண்ணே."

"அட ஆமா. மறந்தே போச்சு. சரி, ஒண்ணு வைங்க டெய்லரே. சீப்பு வச்சுக்க ஆகும்."

அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். கோர்ட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

முதல் வாரம் பெரியமாஸ்டர் கையைப் பழக்கிக்கொண்டார். உள்ளே இருந்தபோது முடிவெட்டுகிற வேலைதான் கொடுத்தார்களாம், ஆனால் மிஷின் மட்டும்தான். கத்தியைக் கண்ணில் காட்டவில்லையாம். இந்த ஒன்பது வருஷத்தில் பழைய கத்தியும் போய், ஆளுக்கொரு பிளேடு மாற்றுகிற கத்தி வந்துவிட்டது. அதனால் பலூனை ஊதிக் கட்டி, அதன்மேல் நுரை பூசி, பலூன் உடையாமல் நுரையை மட்டும் வழித்தெடுத்துப் பழகினார். சிவப்புப் பலூன், மஞ்சள் பலூன். ஜன்னல் வழியாக நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். முதல் நாள் இரண்டு உடைந்தது. பிறகு ஒன்றுகூட உடையவில்லை.

"இந்தத் தெருவுல பலூனுக்குத்தான் தைரியம் இருக்கு" என்றான் சைக்கிள் கடைக்காரன்.

அவன் சொன்னது சரி. ஜன்னல் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். பெஞ்சில் நாலு பேர் சின்னமாஸ்டருக்காகக் காத்திருப்பார்கள். பெரியமாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க, உக்காருங்க" என்பார். "இல்ல மாஸ்டர், சின்னவர் கைக்கே பழகிடுச்சு" என்பார்கள். அவரும், "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக் கீழே கிடக்கிற முடியைக் கூட்டுவார். அப்புறம் அந்த நாலு பேர் இரண்டு பேரானார்கள். அவர் பின்னால் வந்து கூட்டினால்கூடக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் தெருவே தாடிக்கு வந்து சேர்ந்தது. முடிவெட்ட மட்டும், வேறு வழியில்லாமல், சிலர் வந்துபோனார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. நாலைந்து வாரம் விடாமல் பெய்தது. ஒரு மத்தியான வேளையில் சின்னமாஸ்டரின் மனைவி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தாள். கையில் சலூனில் போர்த்துகிற இரண்டு வெள்ளைத் துணி.

"ஓரம் பிரிஞ்சிருக்கு. ஒரு தையல் போட்டுக் கொடுங்கண்ணே."

ஓரத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிரியவில்லை. அவள் தெரிந்தேதான் கொண்டுவந்திருக்கிறாள் என்று தெரிந்து, முக்காலியைத் தள்ளிப் போட்டேன். உட்கார்ந்தாள். மழை கொஞ்சம் குறைகிற வரை துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா சாப்பிடறத நீங்க பாத்ததில்லையே?" என்றாள். "இடது கைய தட்டைச் சுத்தி அணை கட்டின மாதிரி வச்சுப்பாரு. யாரோ பிடுங்கிட்டுப் போயிடுவாங்கங்கற மாதிரி. நாலே நிமிஷம், தட்டு காலி. போடட்டுமான்னு கேட்டா எழுந்து நின்னுடறாரு. எனக்கு அழுகையா வருது."

"பழக்கம்மா. போகப் போகச் சரியாயிடும்."

"அது அவர் பழக்கம். என் பழக்கத்தச் சொல்றேன், கேளுங்க." துண்டின் நுனியை முறுக்கினாள். "முந்தாநாள் சும்மா இருக்க முடியலன்னு சொல்லி வெங்காயம் நறுக்க வந்தாரு. நான் கத்திய வாங்கிட்டேன். 'நானே நறுக்கறேன் மாமா, கண்ணு எரியும்'னு. நல்லவ மாதிரி. அவரு வெறுங்கையோட கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் முத்தத்துக்குப் போயிட்டாரு. என் புருஷன அறைஞ்சவனத் தள்ளினதுக்காகத்தான அவர் உள்ள போனாரு! இல்லன்னா அன்னைக்கே அந்த மரக்கடைக்காரன் இவர நசுக்கியிருப்பான். எல்லாம் தெரியும் எனக்கு. தெரிஞ்சும் கை தானாப் போய் கத்திய வாங்குது. நான் நல்லவ இல்லண்ணே."

"நீ நல்லவ இல்லன்னா இந்தத் தெருவுல யாரும் இல்ல" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க." நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நேத்து இவர்கிட்ட மாமா சொல்லிட்டாரு. 'மழை விடறதுக்குள்ள ஒரே ஒரு ஆள் என் நாற்காலில வந்து கழுத்தக் காட்டட்டும். ஒரு ஆள் போதும். கடைசி வரைக்கும் இங்கயே கிடக்கறேன். வரலன்னா எங்கயாவது போறேன், உங்க பொழப்பையும் சேத்துக் கெடுக்க மாட்டேன்'னு. இவர் அழுதாரு, சண்டை போட்டாரு. மாமா அசையல. எங்க போவாரு சொல்லுங்க? அவருக்கு நாங்க மட்டும்தான். நீங்க போய் உக்காருங்கண்ணே. நீங்க உக்காந்தா நாலு பேர் வருவாங்க. நீங்கதான அன்னைக்கு எல்லாத்தையும் பாத்தவரு."

மிஷினில் நூல் அறுந்ததாக நினைத்துக் குனிந்தேன். நூல் அறுந்திருக்கவில்லை.

"தாடி எனக்கு நல்லா இருக்குன்னு வீட்ல சொல்றாங்கம்மா" என்றேன்.

என் மனைவி அந்தத் தாடியைப் பார்த்து, படுக்கையை வேறு அறையில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. சின்னமாஸ்டரின் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெள்ளைத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடியே போய்விட்டாள். தையல் போட வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனேன். உட்கார்ந்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனேன். போய், பெஞ்சில் உட்கார்ந்தேன். வாத்தியாரும் மளிகைக்கடைக்காரரும் முடிவெட்ட வந்து மழையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் பக்கத்து நாற்காலி எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. பெரியமாஸ்டர் நான் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டிருந்தார், பாக்கெட்டில் சீப்பு. என்னைப் பார்த்துச் சிரித்தார். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன் என்று பிற்பாடு எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டேன்.

சின்னமாஸ்டர் வாத்தியாரின் தலையைப் பாதியில் விட்டுவிட்டார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். போய் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கும் இரண்டு நாள் தாடி.

"அண்ணே, எனக்கு ஒரு சவரம்" என்றார். எங்கள் மூன்று பேருக்கும் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே சொன்னார். "எல்லாரும் பாக்கட்டும். கன்னம், கழுத்து எல்லாம்."

பெரியமாஸ்டர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வது? பத்து வயசு குறைந்துவிட்டது. வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து தம்பியின் முகத்தில் ஒற்றி எடுத்தார். பிரஷ்ஷை உள்ளங்கையில் சுழற்றி நுரை கட்டினார். புது பிளேடு மாட்டினார். வலது கன்னம், இடது கன்னம், மீசைக்குக் கீழே. மூன்று பேரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கைக்கு ஒன்பது வருஷம் என்பதே இல்லை. சீவுகிற சத்தம்கூட அதே சத்தம். வாத்தியார் தன் பாதித் தலையை மறந்து, "அடடா" என்றார்.

அப்புறம் இடது உள்ளங்கையைத் தம்பியின் கழுத்தில் வைத்தார்.

"மழை இந்த வருஷம் ஜாஸ்திதான், இல்ல?" என்றார்.

"ஆமாண்ணே."

"முத்தத்துல தண்ணி நிக்குது. குழாய் அடைச்சிருக்கு, நாளைக்குப் பாக்கணும்."

"பாக்கலாம்ண்ணே."

கை எடுபடவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் பேசினார், டவல் வாங்க வேண்டும் என்றார், பழைய கண்ணாடியில் ரசம் போய்விட்டது என்றார். சின்னமாஸ்டர் எல்லாவற்றுக்கும் ஆமாண்ணே என்றார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வெள்ளைத் துணிக்குக் கீழே அவர் கால் தெரிந்தது. செருப்பைக் கழற்றியிருந்தார். பத்து விரலும் உள்ளே மடங்கிக் கால்பலகையை இறுக்கிப் பிடித்திருந்தன. முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தார். அன்றைக்கு அதே அறையில் நின்று, கத்தி எந்தக் கையில் இருந்தது, எந்தக் கை தள்ளியது என்று நேரில் பார்த்த ஆள் அவர். தனக்காக நடந்தது என்று தெரிந்த ஆள். ஒன்பது வருஷம் மாதம் தவறாமல் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்த ஆள். என்ன செய்வது, கழுத்துக்கு வேறு புத்தி.

பெரியமாஸ்டர் கையை எடுத்தார். வலது கையில் கத்தி இருந்தது. அதன் நுனியில் ஒரு பொட்டு நுரை ஒட்டியிருந்தது, அது ஆடக்கூட இல்லை.

"ச்சே. கை நடுங்குதுடா" என்றார். "வயசாயிடுச்சில்ல. ஒன்பது வருஷம் கத்தியத் தொடாத கை. கழுத்துக்கெல்லாம் இது சரிப்படாது. நீயே முடிச்சுக்கோ."

"இல்லண்ணே. நீங்க பண்ணுங்க. எனக்கு ஒண்ணும்…"

"சொன்னா கேளுடா. என் கை எனக்குத் தெரியாதா?"

கத்தியைத் தம்பி கையில் கொடுத்தார். கொடுக்கும்போதும் கை நடுங்கவில்லை. இரண்டாவது தடவையும் தம்பிக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது. தம்பிக்கு விளங்காமல் இருக்குமா? சின்னமாஸ்டர் கண்ணாடியைப் பார்த்துத் தன் கழுத்தைத் தானே மழிக்க ஆரம்பித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் நுரையில் விழுந்துகொண்டிருந்தது. குரல்வளை ஏறி இறங்கும் இடத்தில் கத்தி தடுக்கியது. ரத்தம் குபுக்கென்று வந்து வெள்ளைத் துணியில் இறங்கியது. ஆழமான வெட்டு ஒன்றுமில்லை, ஆனால் கழுத்து ரத்தம் கொஞ்சம் வந்தாலும் நிறையத் தெரியும்.

பெரியமாஸ்டர் பாய்ந்து படிகாரத்தை எடுத்துத் தம்பியின் கழுத்தில் வைத்து அழுத்தினார். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல, அசையாத" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ரொட்டிக்காரன் குடையோடு ஜன்னலுக்கு வெளியே ஒதுங்கினான். உள்ளே பார்த்தான். ரத்தம் நனைந்த துணி, தம்பி கழுத்தில் அண்ணன் கை, பக்கத்தில் கத்தி. "ஐயையோ! தம்பியையும் அறுத்துட்டான்!" என்று கத்திக்கொண்டு ஓடினான். குடை கவிழ்ந்து தெருவில் கிடந்தது.

உள்ளே நாங்கள் மூன்று பேர் இருந்தோம். உண்மையை அறிந்தவர்கள். மளிகைக்கடைக்காரர், "கடை திறந்து கிடக்கு" என்று எழுந்தார். வாத்தியார் பாதி வெட்டின தலையோடு குடையை விரித்தார். போனவர்கள் யாரும் ரொட்டிக்காரனை நிறுத்தி, இல்லையப்பா, இப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை. நான் போகவில்லை. அது ஒன்றுதான் என்னைப் பற்றி நான் சொல்லிக்கொள்ளக் கூடியது.

மத்தியானம் மழை விட்டது. போலீஸ்காரர் ஒருவர் வந்தார். சலூன் வாசலில் ஐம்பது அறுபது பேர். என்னைப் பார்த்ததும், "டெய்லர்தான? முன்ன இதே கடை கேஸ்ல சாட்சி சொன்ன ஆள்தான நீ?" என்றார்.

"ஆமா சார்."

"கத்தி இருந்துச்சா கையில?"

"சின்னமாஸ்டர் கையில இருந்துச்சு சார். தனக்குத்தானே மழிச்சுக்கிட்டாரு. அவர் அண்ணன் படிகாரம்தான் வச்சாரு. சார், அன்னைக்கும் கத்தி இடது கையில இருந்துச்சு சார், தள்ளினது வலது கை. தரையில சோப்புத் தண்ணி. மரக்கடைக்காரர்தான் முதல்ல கை நீட்டினாரு. நான் பாத்தேன் சார், எல்லாத்தையும் பாத்தேன்…"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது.

"அது எந்தக் காலத்துக் கதைய்யா!" என்றார் போலீஸ்காரர். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

சின்னமாஸ்டர் வெளியே வந்து கழுத்தைக் காட்டினார். நகத்தளவு கீறல். "நானேதான் சார் வெட்டிக்கிட்டேன்" என்றார். போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். "தொழில் தெரிஞ்ச ஆளுதானய்யா நீ?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். கேஸ் இல்லை, ஒன்றும் இல்லை. கூட்டம்தான் போகவில்லை. அண்ணனைக் காப்பாற்றத் தம்பி பொய் சொல்கிறான் என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு நான் சலூனுக்குள் போனேன். பெரியமாஸ்டர் ஒரு துணிப்பையில் இன்னொரு சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மழை விட்டிருந்தது, அவர் சொன்ன கெடு முடிந்திருந்தது. சின்னமாஸ்டரும் மனைவியும் வீட்டுக்குப் போகும் கதவருகில் நின்றிருந்தார்கள். அழுது அழுது இருவர் முகமும் வீங்கியிருந்தது.

நான் நேராகப் போய் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சவரம் பண்ணுங்க மாஸ்டர்" என்றேன். "ஒரு ஆள் போதும்னு சொன்னீங்களே. நான் வந்துட்டேன்."

அவர் பையைக் கீழே வைத்தார். வெள்ளைத் துணியை உதறி எனக்குப் போர்த்தினார். நுரை பூசவில்லை, கத்தியையும் எடுக்கவில்லை. தாடியை விலக்கி, இடது உள்ளங்கையைக் கழுத்தில் வைத்தார். வெதுவெதுப்பான கை.

"கோர்ட்டுல நான் எந்தக் கைன்னு சொல்லாம விட்டுட்டேன் மாஸ்டர்" என்றேன்.

"தெரியும் டெய்லரே. நானும் அங்கதான நின்னுக்கிட்டிருந்தேன்."

"என்ன மன்னிச்சுடுங்க."

"நீங்க பொய் ஒண்ணும் சொல்லலையே."

கண்ணை மூடிக்கொண்டேன். பயமில்லை, பயமில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இந்த மனுஷனிடம் எனக்கு என்ன பயம்? பதினைந்து அடி தாண்டி வந்தாயிற்று, இன்னும் கொஞ்சம்தான், அடங்கு, அடங்கு என்று கெஞ்சினேன். வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கை வெகுநேரம் பொறுமையாக இருந்தது. பிறகு எடுபட்டது.

"தாடி உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரியமாஸ்டர். கத்தரிக்கோலை எடுத்து ஓரங்களை மட்டும் ஒழுங்குபடுத்தினார். பாக்கெட்டிலிருந்த சீப்பால் வாரிவிட்டார். துணியை எடுத்து உதறினார்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. "மாஸ்டர், உங்கள உள்ள அனுப்பினவன் நான். அன்னைக்கு நான் உங்க கழுத்துல டேப் போட்டேனே. உங்களுக்குப் பயமாவே இல்லையா?"

அவருக்கு நான் கேட்டது புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"அதுல என்ன பயம் டெய்லரே? அளவுதான எடுத்தீங்க" என்றார்.

சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார். சின்னமாஸ்டர் பஸ் கூடவே கொஞ்ச தூரம் ஓடினார். தம்பி மனைவி ரொட்டியும் நாலு முட்டையும் கட்டி, வழியில் நறுக்கித் தின்னச் சொல்லி ஒரு வெள்ளரிக்காயும், கூடவே சமையலறைக் கத்தியையும் பையில் வைத்தாளாம். மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கத்தியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாகிறது.

அடுத்த வாரமே தெருவில் தாடிகளெல்லாம் இறங்கின. மளிகைக்கடைக்காரருக்கு அரிப்பு நின்றுவிட்டது. சின்னமாஸ்டர் தினம் காலையில் ஜன்னல் பக்கத்து நாற்காலியைத் துடைத்து வைக்கிறார், அதில் யாரையும் உட்கார விடுவதில்லை. என் தாடி அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் யாருக்காவது காலருக்கு அளவெடுக்கும்போது, டேப்பைச் சுற்றுவதற்கு முன் உள்ளங்கையை அவர்கள் கழுத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் கழுத்தும் சிலிர்ப்பதில்லை. நான் பாட்டுக்கு மோவாயைத் தூக்கச் சொல்கிறேன், அவர்களும் தூக்குகிறார்கள்.